பெயர் சொல்லும் மரம்

(ஊர்ப்பொதுவில் நினைவு மரம் நடுவதற்கு முன்னர் நிகழ்த்தப்பெற்ற உரை)

இன்னும் சிறிது நேரத்தில் இவ்விடத்தில் ஒரு வேப்பங்கன்று நடப்பெறவிருக்கின்றது. இவ்வூரிலிருந்து படைக்குச் சென்று, போர்முனையிலே மாண்டு, திரும்பாமற் போனவர்களின் நினைவாக நடப்பெறும் கன்று அது. நடுவதற்கு முன் சில சொற்கள் பேசுமாறு விழாக்குழுவினர் என்னைக் கேட்டனர். கேட்டதோடு, கன்றினருகே பதிக்கவிருக்கும் கல்வெட்டின் படியையும் என் கையில் தந்தனர். அதைப் படித்தபின்தான் இங்கு நான் பேசவேண்டுவது எது என்பது எனக்குத் தெளிவாயிற்று. அந்தக் கல்வெட்டைப் பற்றிப் பின்னர்ச் சொல்லுகின்றேன். முதலில் உங்களைக் கடல் கடந்து ஒரு சிறுநகர்க்கு அழைத்துச் செல்ல வேண்டும்.

ஆத்திரேலியாவில் நியூ சவுத்து வேல்சு மாநிலத்தின் வடபகுதியில் இன்வெரெல் என்று ஓர் ஊர் உண்டு. நீலமணிக்கல் கிடைக்கும் ஊர். ஆடுமாடு வளர்ப்பும் உழவும் செய்து வாழும் ஊர். முதலாம் உலகப்போர் மூண்டபோது அந்நாட்டின் மற்ற ஊர்களைப் போலவே அவ்வூரும் தன் இளைஞர்களை அனுப்பியது. சென்றவர்களுள் உடன்பிறந்தார் இருவர் இருந்தனர். அவர்களைத் துருக்கி நாட்டின் கலிப்போலிக் கடற்கரைக்குக் கொண்டுசென்று இறக்கினர்.

கலிப்போலியில் ஒரு மேட்டுநிலம். அங்கே நின்ற பைன் மரங்களை எல்லாம் துருக்கியர் வெட்டித் தம் பதுங்குகுழிகளுக்குக் கூரையாகப் பரப்பிவிட்டனர். ஒரேயொரு மரம் மட்டும் வெட்டப்படாமல் நின்றது. ஆகவே அந்த மேட்டுக்கே 'ஒற்றைப் பைன்' என்று பெயர் வைத்தனர் ஆத்திரேலியர். 1915 ஆகத்து 6-ஆம் நாள் மாலை அவர்கள் அதன்மேல் பாய்ந்தனர். 10-ஆம் நாள் வரை அங்கே நடந்தது போர் என்பதைவிடக் கொலை என்பதே பொருந்தும். மரக்கூரை வேய்ந்த குழிகளுக்குள் இருட்டிலே கத்தியாலும் குண்டாலும் ஒருவரையொருவர் கொன்றனர். ஆத்திரேலியர் பால் மட்டும் மாண்டவரும் புண்பட்டவரும் ஈராயிரவர்க்கு மேல்; துருக்கியர் பால் அதனினும் மிகுதி. அந்த ஒற்றை மரமும் அழிந்தது.

இன்வெரெல் உடன்பிறந்தார் இருவருள் ஒருவன் அங்கே வீழ்ந்தான். எஞ்சியவன் பெஞ்சமின் சிமித்து என்பான். படையின் மூன்றாம் அணியைச் சேர்ந்தவன். குழிகளின்மேல் பரப்பியிருந்த கிளைகளிலிருந்து ஒரு பைன் காயைப் பறித்து, ஊரிலிருந்த தன் தாய்க்கு அனுப்பிவைத்தான்.

இங்கே ஒன்றை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். மாண்டவர் உடலை ஊருக்குக் கொண்டுவருதல் அக்காலத்து ஆங்கிலப் பேரரசின் நடைமுறையன்று. மாண்ட மண்ணிலேயே புதைத்துவிடுவர். இன்வெரெல் எங்கே? கலிப்போலி எங்கே? அந்தத் தாய் தன் வாழ்நாளில் அந்தக் கல்லறையைக் காண்பாள் என்பதற்கு வழியே இல்லை. அவள் வீட்டுக்கு வந்து சேர்ந்தது ஒரு காய்ந்த காய்தான். மகன் வீழ்ந்த மண்ணிலிருந்து அவளுக்கு வந்தது அது.

அதை அவள் உடனே நட்டுவிடவில்லை. பதின்மூன்று ஆண்டுகள் வைத்திருந்தாள். 1928-இல்தான் அதன் விதைகளை ஊன்றினாள். அத்தனை ஆண்டுகள் அவள் ஏன் காத்திருந்தாள் என்பதை நான் விளக்கப் போவதில்லை. இங்கே அமர்ந்திருக்கும் தாய்மார்க்கு அது விளங்கும்.

இரண்டு கன்றுகள் தழைத்தன. ஒன்றை அவள் தன் ஊருக்குத் தந்தாள். மற்றொன்றை நாட்டின் தலைநகர் கான்பராவுக்குத் தந்தாள். அங்கே போர் நினைவகம் எழவிருந்த நிலத்தில் 1934 அக்தோபரில் ஆங்கில மன்னனின் மகனான குளோசுட்டர்க் கோமகன் அதனை நட்டான். வளர்த்தவள் தாய், நட்டவன் கோமகன். உலகெங்கும் விழாக்களின் முறை இதுதான் போலும்! ஆயினும் அந்த நாட்டு வரலாற்றில் அத்தாயின் பெயர் அழிந்துவிடவில்லை. மக்மல்லன் அம்மையார் தந்த மரம் என்றே இன்றும் எழுதுகின்றனர். நினைவகக் கட்டடம் திறக்கப்பெற்றது 1941-இல். கட்டடத்தைவிட மரம் மூத்தது.

இன்னொரு காயும் உண்டு. கீத்து மக்தவல் என்னும் படைமறவர் அதே மேட்டில் எடுத்த காயைப் போர் முடியும்வரை தம் தோட்பையிலேயே வைத்திருந்து, ஊர் திரும்பியதும் வார்ணம்பூல் அருகே வாழ்ந்த தம் அத்தையார் எம்மா கிரேயிடம் தந்தார். அதுவும் பத்தாண்டுக்காலம் வீட்டில் கிடந்தது. பின்னர் முளைத்து வளர்ந்தவை நான்கு. 1933-இலும் 1934 சனவரியிலுமாக அவற்றை நான்கு இடங்களில் நட்டனர். ஒன்று மெல்போர்ன் மாநகரின் நினைவுக்கோட்டத்தில். ஒன்று அந்நகரத்துப் பூங்கா ஒன்றில். ஒன்று வார்ணம்பூல் மரப்பூங்காவில். மற்றொன்று 'தி சிசுட்டர்சு' என்னும் சிற்றூரில், படைமறவர் நினைவு மன்றத்தின் முற்றத்தில். மாநகர்க்கு ஒன்று என்றால் சிற்றூர்க்கும் ஒன்று! மெல்போர்ன் மரம் பூஞ்சை நோயால் பட்டுப்போய் 2012-இல் வெட்டப்பட்டது. கல்லைப் போல் மரம் நில்லாது. அது நோயுறும், மூப்புறும், மாளும். ஆனால் அதற்கு முன்பே அதன் விதையிலிருந்து கன்றுகள் வளர்த்துப் பள்ளிகளுக்கும் ஊர்களுக்கும் கொடுத்துவிட்டனர். கல்லுக்கு இல்லாத ஓர் ஆற்றல் அது.

அன்பர்களே! அந்தப் பைன் எந்நாட்டு மரம்? ஆத்திரேலிய மரமன்று, பகைவன் நாட்டு மரம். பகைவன் தன் குழியை மூட வெட்டிய மரம். தன் மகனைக் கொன்றவன் எந்தக் கிளையின்கீழ் நின்று சுட்டானோ, அந்தக் கிளையின் விதையைத்தான் அத்தாய் நீரூற்றி வளர்த்தாள்.

நம் முன்னோர் இவ்வகையில் வேறாக நடந்தனர். மன்னர் ஒவ்வொருவர்க்கும் காவல்மரம் இருந்தது. பகைவனை வென்றவன் முதலில் செய்தது அவன் காவல்மரத்தை வெட்டுவதே. நன்னனின் வாகையைக் களங்காய்க்கண்ணி நார்முடிச் சேரல் வெட்டினான். பழையனின் வேம்பைச் செங்குட்டுவன் வெட்டினான். வெட்டிய மரத்தில் முரசு செய்தனர். பாடல் பெற்ற வெற்றிகள் அவை. தமிழன் பெருமையைப் பேச வந்தவன் இதைச் சொல்லாமல் விடலாம். ஆனால் மறைத்துப் பேசும் பெருமை நமக்கு எதற்கு? மரத்தை வெட்டி முரசு செய்த மன்னனைவிட, விதையை ஊன்றி மரம் செய்த அந்த அயலகத் தாய் எனக்கு உயர்ந்தவளாகவே தோன்றுகின்றாள்.

ஆனால், மாண்டவன் பெயரைப் போற்றும் முறையை எந்நாட்டாரிடமும் நாம் கற்க வேண்டியதில்லை. நடுகல் நட்ட இனம் இது. கல்லைத் தேர்வது முதல் வாழ்த்துவது வரை காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுகல், பெரும்படை, வாழ்த்து என்று ஆறு நிலைகளாகத் தொல்காப்பியம் அதனை வகுத்துரைக்கின்றது. தேனி மாவட்டத்துப் புலிமான்கோம்பையில் 2006-இல் கண்டெடுக்கப்பெற்ற நடுகற்களை எண்ணிப் பாருங்கள். ஈராயிரம் ஆண்டுகட்கு முற்பட்ட தமிழெழுத்தில், கூடலூரில் ஆநிரை கவர்ந்த பூசலில் மாண்ட தீயன் அந்தவனுக்கு எடுத்த கல் அது என்று ஒரு கல் சொல்லுகின்றது. அவன் மன்னனா? அல்லன். படைத்தலைவனா? அதுவும் தெரியாது. மாடு பிடிக்கும் சண்டையில் மாண்ட ஊரான் ஒருவன். ஆயினும் ஊர் தெரிகின்றது, பெயர் தெரிகின்றது, மாண்ட கரணியம் தெரிகின்றது. எழுத்து நம் எழுத்து.

இனி அதே ஆத்திரேலியாவின் பாக்கசு மார்சு என்னும் சிறுநகரைப் பாருங்கள். போர் முடியுமுன்பே, 1918 ஆகத்து 10-ஆம் நாள், ஊர்மக்கள் சாலையின் இரு மருங்கிலும் 281 எல்ம் மரங்களை நட்டனர். அவ்வூரிலிருந்து படைக்குச் சென்றவர்க்கு ஆளுக்கு ஒரு மரம். ஒவ்வொரு மரத்திற்கும் ஒரு பெயர்த்தகடு. அருகிலுள்ள பல்லாரத்து நகரில் இதுவே பெரிதாக நடந்தது. ஆடை தைக்கும் தொழிற்சாலை ஒன்றில் வேலைசெய்த பெண்கள், ஏறத்தாழ ஐந்நூற்றுவர், பொருள் திரட்டி, 1917 முதல் 1919 வரை இருபது அயிரமாத்திரி, அதாவது இருபது கிலோமீட்டருக்கு மேல் நீளும் சாலையில் ஏறத்தாழ 3,800 மரங்களை நடச் செய்தனர். எந்த வரிசையில் நட்டனர் தெரியுமா? படைத்தலைவன் முன்னே, கடைநிலை மறவன் பின்னே என்றன்று. யார் முதலில் படையில் சேர்ந்தானோ அவன் மரம் முதலில். புண்பட்டவர்க்கு மருந்திடச் சென்ற செவிலியர்க்கும் மரம் உண்டு. தையற்பெண்களின் அறிவு அது!

இவ்வளவும் புகழ்ந்தேன். புகழ்ந்ததோடு விட்டால் அது குறையுரையாகும். அந்த நாட்டு மண் யாருடையது? வெள்ளையர் வருமுன் பல்லாயிரம் ஆண்டுகள் அங்கு வாழ்ந்த பழங்குடி மக்களுடையது. இன்வெரெலுக்கு அணித்தே மயல் கிரீக்கு என்னும் இடத்தில் 1838 சூன் 10-ஆம் நாள், படைக்கலம் ஏதுமில்லாத பழங்குடியினர் 28 பேரை, பெண்டிரும் குழந்தைகளும் முதியோருமாக, வெள்ளைக் குடியேறிகள் வெட்டிக் கொன்றனர். கொலை செய்தவருள் எழுவர் தூக்கிலிடப்பட்டனர். ஆனால் மாண்டவர்க்கு அங்கே ஒரு நினைவிடம் எழுவதற்கு 2000-ஆம் ஆண்டு சூன் திங்கள் வரை, 162 ஆண்டுகள் ஆயின. கலிப்போலியில் மாண்ட மகனுக்குப் பத்தொன்பது ஆண்டுகளுக்குள் மரம். சொந்த மண்ணில் மாண்ட குழந்தைக்கு நூற்றறுபது ஆண்டுகளுக்குப் பின்னரே கல்! எனினும் அந்தக் கல்லில் அவர்கள் செய்த ஒரு செயலை நாம் உன்னிக்க வேண்டும். ஆங்கிலத்தோடு அப்பழங்குடி மக்களின் கமிலராய் மொழியிலும் அங்கே எழுதி வைத்துள்ளனர். பேசுவோர் மிகவும் அருகிப்போன மொழி அது. ஆயினும் மாண்டவர்க்கு அவர்தம் மொழியில் எழுதுவதே முறை என்பதை அந்நாடு காலங்கடந்தேனும் ஒப்புக்கொண்டது.

நம் நிலை என்ன?

வேலூருக்குச் சென்றால் அங்குள்ள மணிக்கூண்டைப் பாருங்கள். முதலாம் உலகப்போருக்கு இவ்வூரிலிருந்து 277 பேர் சென்றனர், அவருள் 14 பேர் உயிர் ஈந்தனர் என்று அங்கே ஒரு கல் சொல்லுகின்றது. ஆங்கிலத்தில் சொல்லுகின்றது. அத்தனை பெரிய வேலூரைச் சிற்றூர் என்று குறிக்கின்றது! நாடெங்கும் ஒரே அச்சில் வார்த்த தொடர். ஊர்ப்பெயரும் எண்ணும் மட்டும் மாறும். அந்தப் பதினால்வர் யார்? அவர்தம் தாய்மார் யார்? எந்தத் தெருவினர்? கல்லுக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் அந்தத் தாய் அதைப் படித்திருக்க முடியாது. இன்வெரெல் தாய்க்கு ஒரு காயாவது வந்தது. வேலூர்த் தாய்க்கு வந்தது 14 என்னும் எண்ணுக்குள் பதினாலில் ஒரு பங்கு.

இது வேலூரில் மட்டும் நேர்ந்ததன்று. ஈராக்கு நாட்டில் பசுரா நினைவகம் என ஒன்று உண்டு, 1929-இல் திறந்தனர். அப்போர்முனையில் மாண்டு கல்லறையும் இல்லாமற் போனவர்க்கு எடுத்தது. ஆங்கிலப் படைமறவர் அனைவர்க்கும் அங்கே பெயர் உண்டு. இந்தியப் படைப்பிரிவினர்க்கோ தலைவர்களின் பெயர் மட்டும் வெட்டப்பட்டது. அவர்கீழ் மாண்ட மறவர் முப்பதினாயிரவர்க்கு மேற்பட்டோர் வெறும் எண்ணிக்கையாகவே குறிக்கப்பட்டனர். இன்ன படைப்பிரிவு, இத்தனை பேர், அவ்வளவுதான். சென்னை மாகாணத்துப் படைப்பிரிவுகளும் அம்முனையில் இருந்தன. போர்க்கல்லறைகளைப் பேணும் பொதுநலவாய ஆணையமே 2021 ஏப்பிரலில் ஓர் அறிக்கை வெளியிட்டு இக்குற்றத்தை ஒப்புக்கொண்டது. ஆசிய, ஆப்பிரிக்க மக்களுள் மாண்டு பெயரால் நினைக்கப்படாதவரும் அறவே நினைக்கப்படாதவரும் குறைந்தது 116,000 பேர். 350,000 வரை இருக்கலாம் என்றது. இனவெறுப்பே கரணியம் என்றும் அதுவே எழுதி, பொறுத்தருளக் கேட்டது. நூறாண்டு கழித்து வந்த ஒப்புகை! அதைக் கேட்க அந்தத் தாய்மாருள் ஒருத்தியும் உயிரோடு இல்லை.

ஈழத்தில் நடந்ததை நீங்கள் அறிவீர்கள். கோப்பாயில் போராளிகளின் கல்லறைகளை இடித்து, அந்த இடத்திலேயே படைத்தலைமையகம் கட்டி 2011-இல் திறந்தனர். அங்கே அழிக்க வேண்டியிருந்தது உடல்களை அன்று, அவை மண்ணாகிப் பல ஆண்டுகள் ஆயின. கல்லில் இருந்த பெயர்களைத்தான் அழிக்க வேண்டியிருந்தது. பிள்ளையின் பெயர் சொல்லி விளக்கேற்ற ஓரிடம் வேண்டும் என்றே அத்தாய்மார் இன்றும் கேட்டு நிற்கின்றனர்.

நம் இளைஞருள் சிலர் என்னை வினவக்கூடும்: "ஐயா, ஆங்கிலேயனுக்குக் கூலிக்குப் போரிட்டவனுக்கு நாம் ஏன் மரம் நட வேண்டும்? அவன் நம் மண்ணுக்காகவா மாண்டான்?" இவ்வினா முறையானதே. நானும் இளமையில் இதையே கேட்டவன். அவன் மாண்டது நம் போரில் அன்று, உண்மை. மெசபொத்தேமியாப் பாலைநிலத்தில் அவனுக்கு என்ன பகை? வயிறு அவனை அனுப்பியது, வட்டிக்காரன் அனுப்பினான், வானம் பொய்த்த ஆண்டு அனுப்பியது. அப்போரின் புகழை நான் ஏற்கவில்லை. அதனாலேயே சொல்லுகின்றேன்: போர் அயலானுடையது, ஆனால் பெயர் நம்முடையது. கருப்பன், முனியன், சின்னப்பன், காதர் என்று நம் தாய் வைத்த பெயர்கள் அவை. படைப்பதிவேட்டில் எழுதியவன் அவற்றை ஆங்கில எழுத்தில் சிதைத்தான். ழகரம் அவன் வாயில் நுழையவில்லை; ஊர்ப்பெயரும் அவன் காதில் விழுந்தபடி ஆயிற்று. அவன் சிதைத்தான், அவன் மறந்தான். நாமும் மறந்தால் அவனுக்கும் நமக்கும் வேறுபாடு என்ன?

இனிக் கல்வெட்டுக்கு வருகின்றேன். விழாக்குழுவினர் நல்ல உள்ளம் கொண்டவர்கள். தம் கைப்பொருளைச் செலவிட்டு இதைச் செய்கின்றனர். அவர்கள்மேல் எனக்குச் சினமில்லை. ஆனால் அந்தப் படியில் நான் கண்டதை அவர்கள் முன்னிலையிலேயே சொல்லுவதுதான் நேர்மை. முதல் வரி ஆங்கிலம். அடுத்து, கன்று நடவிருக்கும் பெருமகனாரின் பெயர், அவர்தம் பட்டங்களுடன், பெரிய எழுத்தில். அதன்கீழ் முன்னிலை வகிப்போர் பெயர்கள். அதன்கீழ்ப் பொருள் தந்தோர் பெயர்கள், எண்ணினேன், பதினேழு. இறுதியில் சிறிய எழுத்தில், 'இவ்வூர்ப் போர்மறவர் நினைவாக' என்று ஒரு வரி. மாண்டவர் பெயர் ஒன்றுகூட இல்லை!

ஏன் இல்லை என்று கேட்டேன். பட்டியல் கிடைக்கவில்லை என்றனர். பட்டியல் எங்கே கிடைக்கும்? தில்லியில் கிடைக்குமா, இலண்டனில் கிடைக்குமா என்று தேடிக்கொண்டிருந்தால் வேம்பு பூத்துக் காய்த்துவிடும். பட்டியல் இங்கேதான் இருக்கின்றது. இக்கூட்டத்தில் மூன்றாம் வரிசையில் அமர்ந்திருக்கும் ஒரு பாட்டியார் நான் வந்திறங்கியதும் என் கையைப் பற்றிக்கொண்டு, தம் தந்தையார் இரண்டாம் உலகப்போரில் பர்மா முனைக்குச் சென்றவர் என்றும், அவர் முகம் தமக்கு நினைவில்லை என்றும், பெயர் மட்டும் தெரியும் என்றும் சொன்னார். அந்தப் பெயரை இன்னும் கல் கேட்கவில்லை.

ஆகவே விழாக்குழுவினரிடம் இந்த அவையின்முன் வேண்டுகின்றேன். கன்றை இன்றே நடுங்கள்; மழை வருமுன் அது வேர்பிடிக்க வேண்டும். கல்லை மட்டும் இன்று பதிக்க வேண்டா. இன்னும் மூன்று திங்கள் பொறுங்கள். முதற்போர், இரண்டாம் போர், 1962, 1965, 1971, 1999 என்று எந்தப் போரில் மாண்டவராயினும், இவ்வூரார் அனைவர் பெயரையும் திரட்டுவோம். சேரி என்றும் ஊர் என்றும் பிரித்து எழுதோம்; பொறுப்பின் ஏற்றத்தாழ்வு பார்த்தும் எழுதோம்; பல்லாரத்துத் தையற்பெண்கள் செய்தவாறு, யார் முன்னே சென்றாரோ அவர் பெயர் முன்னே. தமிழில் எழுதுவோம். தலைப்பெழுத்தும் தமிழிலேயே இருக்கட்டும். பொருள் தந்தோர் பெயர் வேண்டுமெனில் கல்லின் பின்புறத்தில் இடுங்கள். என் பெயர் எங்கும் வேண்டா.

கூட்டம் முடிந்ததும் நான் பேருந்துக்கு ஓடப்போவதில்லை. அதோ, அந்த ஒலிபெருக்கிக்காரர் மேசைக்கருகில் அமர்ந்திருப்பேன். நாற்பது பக்க எழுதுசுவடி ஒன்று வாங்கி வந்திருக்கின்றேன். உங்கள் வீட்டிலிருந்து போய்த் திரும்பாதவர் யாரேனும் இருந்தால் வாருங்கள். பெயர், தந்தை பெயர், தாய் பெயர், தெரு, போன ஆண்டு ஆகியவற்றுள் தெரிந்ததைச் சொல்லுங்கள். முழுவதும் தெரியவில்லை என்றாலும் வாருங்கள். முதல் வரி அந்தப் பாட்டியாரின் தந்தையார்க்கு. அவரை யாரேனும் கைப்பிடித்து அழைத்து வாருங்கள்.